தண்ணீரை மூட்டை கட்டிக் கரையேறிய செடி



இம்முறை ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். தோட்டத்தில் வசிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் ஐந்தாம் ஆண்டில் படிக்கிறான். நூலகப் புத்தகம் ஒன்றில், தரையில் வளரும் செடி, கொடி, மரங்கள் எல்லாம் ஆதியில் தண்ணீரில் வாழ்ந்த பாசியிலிருந்து வந்தவை என்று படித்திருக்கிறான். உடனே தந்தையிடம் ஓடி, "அப்பா, நீங்க வெட்டுற பால்மரமும் கால்வாய்ல இருக்கிற பாசியும் சொந்தமா? அப்படின்னா பாசி மட்டும் ஏன் இன்னும் பாசியாவே இருக்கு?" என்று கேட்டிருக்கிறான். வேலை முடிந்து களைத்து வந்த தந்தை, "போய்ப் பாடத்தைப் படிடா" என்று அதட்டிவிட்டாராம். அன்று முதல் பையன் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டான். "நாங்கள் இருவரும் அதிகம் படிக்காதவர்கள். அவனுக்கு என்ன பதில் சொல்வது?" என்று கேட்டு முடித்திருக்கிறார் அந்தத் தாய்.

அம்மா, உங்கள் மகன் கேட்டவை இரண்டு கேள்விகள். இரண்டுமே நல்ல கேள்விகள். பெரிய பெரிய அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாகத் தேடிக்கொண்டிருக்கும் பதிலைத்தான் அவன் கேட்டிருக்கிறான். அந்தப் பதிலில் பாதி, விடியுமுன் எழுந்து மரம் வெட்டப் போகும் உங்கள் கணவரின் கையிலேயே இருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

எந்தப் பாசி?

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நாம் வழுக்குவதை எல்லாம் பாசி என்று சொல்லிவிடுகிறோம். குட்டையில் பச்சைத் தலைமயிர்போல் மிதப்பதும் பாசி. குளியலறைச் சுவரிலும் மரத்தடியிலும் மெத்தைபோல் படர்வதும் பாசி. ஆனால் இவை இரண்டும் வேறு வேறு. குட்டையில் மிதப்பது தண்ணீர்ப் பாசி. சுவரில் மெத்தையாக இருப்பதோ கரையேறிவிட்ட செடி. அதற்கு மிகச் சிறிய தண்டும் இலையும் உண்டு. உற்றுப் பார்த்தால் தெரியும். இக்கட்டுரையில் முன்னதைத் தண்ணீர்ப் பாசி என்றும், பின்னதைச் சுவர்ப் பாசி என்றும் சொல்கிறேன்.

தண்ணீர்ப் பாசிகளிலும் பல குலங்கள் உண்டு. நாம் பலகாரம் செய்யும் அகார்-அகார் கடலில் வளரும் சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பது. தரைச் செடிகளின் முன்னோர் அந்தக் குலத்தில் இல்லை. நன்னீரில், அதாவது குளம், குட்டை, ஈரப்பாறை ஆகிய இடங்களில் வாழ்ந்த பச்சைப் பாசிகளில்தான் அவர்கள் இருந்தார்கள்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உறவு பார்ப்பதற்கு நாம் மூக்கையும் முகச்சாயலையும் பார்ப்பதுபோல் இங்கும் சாயல் பார்த்தார்கள். பச்சைப் பாசியிலும் பால்மரத்து இலையிலும் ஒரே இருவகைப் பச்சையம் இருக்கிறது. இரண்டும் உணவை மாவுச்சத்தாகவே சேர்த்து வைக்கின்றன. பிற்காலத்தில் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2014-லும் 2019-லும் வெளிவந்த பெரிய ஆய்வுகள், இன்றுள்ள பாசிகளில் தரைச் செடிகளுக்கு மிக நெருங்கிய சொந்தம், ஸ்பைரோகைரா என்னும் பாசியைச் சேர்ந்த குலமே என்று காட்டின. குட்டையில் கைவிட்டால் வழவழவென்று நூல்நூலாக வருமே, அவற்றில் ஒன்றுதான் ஸ்பைரோகைரா. நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வோர் அறைக்குள்ளும் பச்சை ரிப்பன் திருகுச் சுருளாகச் சுற்றியிருப்பதைக் காணலாம். பள்ளிப் பாடநூல்களில் படம் போட்டிருக்கும் அதே பாசிதான்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: ஆம், சொந்தம்தான். தூரத்துச் சொந்தமானாலும் இரத்த உறவு போன்ற உறவு.

தண்ணீரில் என்ன குறை?

தண்ணீரில் வாழும் பாசிக்கு வாழ்க்கை மிகச் சுலபம். உடம்பு முழுவதும் தண்ணீரில் நனைந்திருப்பதால் தாகம் என்பதே கிடையாது. உப்புச்சத்து நீரிலேயே கரைந்திருக்கிறது. நிமிர்ந்து நிற்க எலும்போ கட்டையோ தேவையில்லை, தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. இனம் பெருக்க ஓரணு மற்றோரணுவைத் தேடிச் செல்லவும் தண்ணீரே பாதை.

தரையிலோ இவற்றில் ஒன்றும் இல்லை. ஒரு கைப்பிடி தண்ணீர்ப் பாசியை அள்ளி வெயிலில் போட்டுப் பாருங்கள். விரைவிலேயே காகிதம்போல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அன்றைய தரையும் இன்றைய தரை அல்ல. பாறையும் மணலும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் படிந்த மெல்லிய படலமுமே இருந்தன. நாம் மண் என்று சொல்லும் கரிய, வளமான மண் அன்று கிடையாது. நிழலுக்கு ஒரு புல் கூட இல்லை.

அப்படியானால் பாசி ஏன் வெளியே வந்தது? அது ஆசைப்பட்டு வரவில்லை. குட்டைகள் வற்றும், மறுபடி நிறையும். ஓரத்தில் இருந்த பாசிகள் அடிக்கடி காய நேர்ந்தது. கோடிக்கணக்கானவை மடிந்தன. ஏதோ சிறு வேறுபாட்டால் கொஞ்சம் அதிக நேரம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடிந்தவை மட்டும் அடுத்த மழை வரை தாக்குப் பிடித்தன. அவற்றின் சந்ததியும் அவ்வாறே தாக்குப் பிடித்தது. இப்படி எண்ணற்ற தலைமுறைகள் கழிந்தன. 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஸ்பைரோகைராவின் குலத்தைச் சேர்ந்த, ஈரமான இடங்களில் வாழும் இரண்டு பாசிகளைச் சோதித்தது. வறட்சியைத் தாங்க உதவும் சில மரபணுக்கள் அவற்றில் முன்பே இருந்தன. அவை மண்ணிலுள்ள பாக்டீரியங்களிடமிருந்து அந்தக் குலத்தின் முன்னோருக்கு வந்து சேர்ந்தவை என்று அந்த ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்.

தாக்குப் பிடித்தவற்றுக்குப் பலனும் இருந்தது. மறைக்க ஆளில்லாத வெயில், தாராளமான கரியமிலவாயு, பாறையில் உப்புச்சத்து; எல்லாம் போட்டியின்றிக் கிடைத்தன.

நம் முன்னோர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தபோது துணி, தட்டுமுட்டுச் சாமான் என்று இன்றியமையாதவற்றை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள் அல்லவா? கரையேறிய செடி கட்டி வந்த மூட்டையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர். செடிகளின் வரலாறு முழுவதும் அந்த மூட்டையை எப்படி ஒழுகாமல் காப்பது என்ற வரலாறுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

முதல் படி: சுவர்ப் பாசி

மிகப் பழைய சான்று செடியாகக் கிடைக்கவில்லை, தூளாகக் கிடைத்திருக்கிறது. அர்ஜெந்தினா நாட்டுப் பாறைகளில், ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட வித்துத்தூள் இருப்பதை 2010-ல் அறிவித்தார்கள். வித்துத்தூள் என்பது விதை அல்ல. விதைக்கு முந்தைய மிக நுண்ணிய ஓர் அணு. அதன் மேலே கெட்டியான உறை இருந்ததால் காற்றில் பறந்தாலும் காயவில்லை. அந்த உறைதான் இத்தனை கோடி ஆண்டுகள் பாறையிலும் அழியாமல் இருந்திருக்கிறது. அத்தூளை உதிர்த்தவை இன்றைய சுவர்ப் பாசியையும் அதன் உறவினரையும் ஒத்த குட்டைச் செடிகளாக இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து.

கரையேறிய செடிகள் தொடக்கத்திலேயே இரண்டு பெரிய காரியங்களைச் செய்தன. ஒன்று, உடம்பின்மேல் மெழுகுபோன்ற பூச்சைப் பூசிக்கொண்டன. மழை பெய்யும்போது சேம்பிலையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுவதற்கு இலைமேலுள்ள மெழுகுதானே காரணம். வெளித் தண்ணீர் ஒட்டாமல் செய்யும் அதே மெழுகு உள்தண்ணீர் வெளியேறாமலும் காக்கிறது. இரண்டாவது காரியம் இன்னும் அருமையானது. தண்ணீர்ப் பாசிகள் பெரும்பாலும் கருவை நீரில் விட்டுவிடும். தரைச் செடியோ கருவைத் தன் உடம்பிலேயே வைத்து ஊட்டி வளர்க்கத் தொடங்கியது. சுவர்ப் பாசி முதல் பால்மரம் வரை தரைச் செடிகள் அனைத்துக்கும் பொதுவான குணம் இது. பிள்ளையை வயிற்றில் சுமப்பது தாய்மாருக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல என்று தெரிகிறதல்லவா?

ஆனால் சுவர்ப் பாசி தண்ணீரிடம் பட்ட கடனை முழுவதும் தீர்க்கவில்லை. அதற்கு உண்மையான வேர் கிடையாது. அதன் ஆணணு பெண்ணணுவைச் சேர இன்றும் நீந்தித்தான் போக வேண்டும். மழைத்துளியோ பனித்துளியோ இல்லையென்றால் அதற்குத் திருமணம் நடக்காது. அதனால்தான் அது ஈரச் சுவரை விட்டுத் தூரம் போவதில்லை.

ஒரு கிராமத்து டாக்டர் கண்ட கல்

ஸ்காட்லாந்து நாட்டில் ரைனி என்றொரு சிற்றூர். 1912-ல் வில்லியம் மெக்கி என்னும் மருத்துவர் அங்கே ஒரு கல்லைக் கண்டார். அவர் வைத்தியம் பார்ப்பவர். பாறைகளைப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அந்தக் கல்லை மெல்லியதாகச் சீவிப் பார்த்தபோது உள்ளே செடிகள் இருந்தன. 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைமையானவை. அவ்விடத்தில் அக்காலத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருந்தன. ஊற்று நீரில் கரைந்திருந்த மணற்சத்து செடிகளுக்குள் ஊறிக் கெட்டியாகி, அவற்றை அப்படியே கல்லாக்கிவிட்டது. தண்டின் உள்ளறைகளைக்கூட இன்றும் எண்ண முடியும்.

அச்செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு இலை இல்லை. நாம் அறிந்த வேரும் இல்லை. ஏறக்குறைய ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைக் குச்சிகளாக நின்றன. வேரில்லாமல் எப்படிச் சாப்பிட்டன? 1994-ல் அதற்கும் விடை கிடைத்தது. அந்தக் குச்சிகளின் அணுக்களுக்குள் பூஞ்சண இழைகள் மரம்போல் கிளைத்துப் பரவியிருந்தன. இன்றும் பெரும்பாலான செடிகளின் வேரில் அத்தகைய பூஞ்சணம் குடியிருக்கிறது. பால்மரத்திலும் செம்பனையிலும்கூட உண்டு. பூஞ்சணம் மண்ணிலிருந்து உப்புச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். செடி வெயிலில் சமைத்த சர்க்கரையைப் பதிலுக்குக் கொடுக்கும். தனியாக வந்திருந்தால் செடி பிழைத்திருப்பது கடினம். கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அது புது நாட்டில் காலூன்றியது.

இரண்டாம் படி: பெரணி

குட்டையாகத் தரையோடு தரையாக இருக்கும்வரை தண்ணீரை மேலே ஏற்ற வேண்டிய தேவை இல்லை. ஆனால் பக்கத்துச் செடி நிழல் போடத் தொடங்கினால்? உயர்ந்தாக வேண்டும். உயரத் தண்ணீர்க் குழாய் வேண்டும். நிமிர்ந்து நிற்கக் கெட்டித்தன்மையும் வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுத்தது லிக்னின் என்னும் பொருள். குழாயின் சுவரில் இதைப் பூசினால் குழாய் நசுங்காது. தண்டும் விறைத்து நிற்கும். நாம் கட்டை என்று சொல்வது இத்தகைய குழாய்களின் கட்டுத்தான்.

இப்படிக் குழாய் பெற்ற பழைய இனம் ஒன்றுக்குக் குக்சோனியா என்று பெயர். 1937-ல் இங்கிலாந்து அறிஞர் லாங் அதை விவரித்து, இசபெல் குக்சன் என்னும் ஆஸ்திரேலிய ஆராய்ச்சிப் பெண்மணியின் நினைவாகப் பெயர் சூட்டினார். அதில் மிகப் பழையவை ஏறத்தாழ 43 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. சில சென்டிமீட்டர் உயரமே உள்ள கவைக்குச்சி. நுனியில் வித்துத்தூள் பை. அவ்வளவுதான். அதன் காலத்துக்கு 5 கோடி ஆண்டுகளுக்குள் மரங்கள் தோன்றிவிட்டன. நியூயார்க் மாநிலத்தில் கில்போவா என்ற இடத்தில் 1869-ல் ஒரு வெள்ளம் மண்ணை அரித்தபோது கல்லாகிப்போன அடிமரங்கள் வெளிப்பட்டன. அவை சுமார் 38 கோடியே 50 இலட்சம் ஆண்டுகள் பழைமையான காட்டைச் சேர்ந்தவை.

இந்தப் படியைப் பார்க்க நியூயார்க் போக வேண்டியதில்லை. செம்பனை மரத்தின் வெட்டிய மட்டையடிகளில் தொங்கும் பெரணியைப் பாருங்கள். மலாய் மக்கள் 'பாக்கு' என்று சொல்லிச் சந்தையில் கொழுந்தாக விற்கும் கீரையும் பெரணிதான். அதற்கு வேரும், குழாயும், உண்மையான இலையும் உண்டு. இலையின் அடிப்பக்கத்தில் பழுப்பு நிறப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பூச்சி முட்டை என்று பலர் நினைப்பதுண்டு. அவைதாம் வித்துத்தூள் பைகள். அத்தூள் ஈரத்தில் விழுந்தால், விரல் நகத்தைவிடச் சிறியதாக, இதய வடிவில் ஒரு பச்சைத் தகடு முளைக்கும். அந்தத் தகட்டில்தான் ஆணணுவும் பெண்ணணுவும் உண்டாகின்றன. அங்கேயும் ஆணணு நீந்தியே போக வேண்டும். ஆக, பெரணி மரத்தின்மேல் ஏறிவிட்டபோதிலும் கடன் இன்னும் தீரவில்லை.

மூன்றாம் படி: விதை

கடனைத் தீர்த்தது விதைச் செடி. அது எப்படித் தீர்ந்தது என்பதற்குச் சாட்சி சொல்லும் மரம் ஒன்று ஜப்பானில் இருக்கிறது. தோக்கியோ பல்கலைக்கழகத் தோட்டத்து கிங்கோ மரம் அது. அப்பல்கலைக்கழகத்தில் செடிகளைப் படம் வரையும் வேலைக்குச் சேர்ந்தவர் ஹிராசே. அவர் பெரிய பட்டதாரி அல்லர். 1896-ல் அவர் கிங்கோ விதையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதற்குள் ஆணணுக்கள் நீந்துவதைக் கண்டார். அறிஞர் உலகம் வியந்தது. அதே ஆண்டில் சைக்கஸ் செடியிலும் அவ்வாறே நீந்துவதை இக்கெனோ என்பவர் கண்டார். வீட்டு வாசலில் அழகுக்கு வைக்கும், சிறு பனைபோன்ற செடியே சைக்கஸ். 1912-ல் இருவருக்கும் ஜப்பானின் உயர்ந்த அறிவியல் பரிசு வழங்கப்பட்டது.

இதன் பொருள் என்ன? கிங்கோவின் ஆண் மகரந்தத்தூள் காற்றில் பறந்து வருகிறது, மழைக்காகக் காத்திருப்பதில்லை. வந்து சேர்ந்தபின், விதையாகப் போகும் சூலுக்குள் மரமே சிறிது நீரைச் சுரந்து கொடுக்கிறது. அந்தத் துளியில் ஆணணு நீந்துகிறது. குட்டையை விட்டு வந்த செடி, ஒரு துளிக் குட்டையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டது! பூக்கும் செடிகளில் அந்தத் துளியும் தேவையில்லாமல் போயிற்று. மகரந்தத்தூள் ஒரு குழாயை நீட்டி ஆணணுவை உரிய இடத்திலேயே சேர்த்துவிடுகிறது.

பிறகு கருவை உணவோடு சேர்த்து ஓட்டுக்குள் அடைத்து வெளியே அனுப்புகிறது. அதுதான் விதை. பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்து, மழைச்சட்டை போட்டு அனுப்புவது போன்றது. வெயில் நேரத்தில் ரப்பர்க் காய் 'டப்' என்று வெடித்துக் கொட்டை பல அடி தூரம் தெறிப்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் அறிவார்கள். அந்தக் கொட்டையை உடைத்தால் வெள்ளையாக இருக்கும் பருப்பு, கருவுக்குக் கட்டிக் கொடுத்த சோறுதான்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பல விதைகள் காய்ந்து ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ரப்பர்க் கொட்டை அப்படியல்ல. ஈரமான அமேசான் காட்டில் பிறந்த அது, காய்ந்தால் சில வாரங்களில் செத்துவிடும். 1876-ல் விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில் முளைத்தவை 3,000-க்கும் குறைவு. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகள் 22. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. நம் நாட்டின் ரப்பர்த் தோட்டங்களும், அவற்றை நம்பி வந்த நம் குடும்பங்களும் இப்படி ஈரம் தப்பிய சில கொட்டைகளின்மேல் நின்றவை.

விடியுமுன் ஏன்?

இனி அந்தச் சிறுவனின் தந்தைக்கு வருவோம். அவர் ஏன் இருட்டோடு எழுந்து நிரைக்குப் போகிறார்? வெயிலுக்கு முன் வெட்டினால் பால் அதிகம் ஓடும் என்பது அவருக்குத் தெரியும். ஏன் ஓடுகிறது என்பதுதான் நம் கதை.

இலை முழுவதும் மெழுகு பூசினால் தண்ணீர் போகாது. ஆனால் காற்றும் உள்ளே வராது. ஆகவே செடி இலையில் திறந்து மூடும் நுண்துளைகளை வைத்தது. பகலில் அவை திறக்கின்றன. காற்று உள்ளே வருகிறது. தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. போகும் நீர் பின்னால் வரும் நீரைக் கயிறுபோல் இழுக்கிறது. வேரிலிருந்து உச்சி வரை தண்ணீர் ஏறுவது இவ்வாறுதான். இரவில் துளைகள் பெரும்பாலும் மூடிக்கொள்கின்றன. இழந்த நீரை வேர் விடிய விடிய ஈடுசெய்கிறது. விடியற்காலையில் மரம் நிறைகுடமாக இருக்கிறது. பட்டையில் உள்ள பால் நாளங்கள் விம்மி நிற்கின்றன. அப்போது அவற்றின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்து மடங்கை எட்டுவதுண்டு. மோட்டார் வண்டிச் சக்கரத்தில் அடைக்கும் காற்றைவிடப் பல மடங்கு. அந்த நேரத்தில் கத்தி பட்டால் பால் தானே பாய்ந்து ஓடுகிறது. வெயில் ஏறியதும் இலைகள் நீரை விடத் தொடங்கும்; பட்டை தளரும்; ஓட்டம் குறையும். பாலில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே.

ஆண்டின் தொடக்க மாதங்களில் வறட்சி வரும்போது மரம் இலையை உதிர்க்கிறது. தண்ணீர் போகும் வழியை அடைத்துக்கொள்ளும் உபாயம் அது. புது இலை துளிர்க்கும் காலத்தில் பால் குறைவதையும் வெட்டுகிறவர் அறிவார். அந்தத் தந்தை படிக்காதவர் அல்லர். 47 கோடி ஆண்டுப் பாடத்தை நாள்தோறும் கையால் படித்துக்கொண்டிருப்பவர்.

பாசி ஏன் பாசியாகவே இருக்கிறது?

இரண்டாவது கேள்விக்கு நம் குடும்பக் கதையே பதில் சொல்லும். ஓர் ஊரில் அண்ணன் தம்பி இருவர். தம்பி கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். அண்ணன் ஊரிலேயே தங்கிப் பயிர் செய்தார். இன்று ஊரில் இருப்பவர்கள் அண்ணனின் கொள்ளுப் பேரர்கள். அவர்கள் நமக்குப் பங்காளிகளே தவிரப் பாட்டன்மார் அல்லர். அவர்களும் அன்றிருந்தபடியே இல்லை. அங்கேயும் காலம் ஓடியிருக்கிறது.

பாசியும் அப்படியே. இன்று குட்டையில் உள்ள பாசி, பால்மரத்தின் பாட்டன் அல்ல, பங்காளி. இருவருக்கும் பொதுவான பாட்டன் எப்போதோ மறைந்துவிட்டான். குட்டைக்குத் தகுந்த வாழ்வு பாசியின் வாழ்வு. குட்டை இருக்கும்வரை அதற்கு மரமாக வேண்டிய கட்டாயம் என்ன? அது பின்தங்கியதும் அல்ல. பரீட்சையில் தோற்றதும் அல்ல. இன்றும் உலகில் வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும் வேலையில் ஏறத்தாழப் பாதியைச் செய்பவை கடலில் மிதக்கும் நுண்ணிய பாசிகளும் அவற்றைப் போன்ற நுண்ணுயிர்களுமே. நாம் விடும் மூச்சில் அவற்றுக்கும் பங்குண்டு.

தரையேறிய பங்காளியும் சும்மா இருக்கவில்லை. வேரால் பாறையை உடைத்தது. உதிர்ந்த இலையால் மண்ணை உண்டாக்கியது. காற்றில் உயிர்வாயுவைப் பெருக்கியது. பிறகுதான் பூச்சியும், விலங்கும், மனிதனும் தரையில் வாழ முடிந்தது. இன்றும் மேட்டுச் சரிவில் மண் கரைந்து ஓடாமல் பிடித்து வைப்பவற்றில் பெரணியும் ஒன்று. செம்பனைக் காட்டில் தரையில் வளரும் மென்மையான பெரணியை அடியோடு மருந்தடித்து அழிக்காமல், மண்ணுக்குப் போர்வையாக விட்டுவைப்பது நல்ல முறை என்பது விவசாய வல்லுநர்களின் கருத்து. களை என்று நாம் ஒதுக்குவது நமக்கு முன்னரே இந்த மண்ணைக் காத்து வந்த காவல்காரன்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் குற்றமில்லை. "வா, போய்ப் பார்ப்போம்" என்று சொன்னால் போதும். ரைனியில் கல்லைக் கண்டவர் ஊர் வைத்தியர். கிங்கோவைக் கண்டவர் படம் வரைபவர். இருவரும் செய்தது உற்றுப் பார்த்தது ஒன்றுதான்.

இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு செய்து பார்க்க இரண்டு சோதனைகள் சொல்கிறேன். செலவு எதுவும் இல்லை.

ஒன்று: சுவரிலிருந்தோ மரத்திலிருந்தோ ஒரு துண்டுப் பாசி மெத்தையைப் பெயர்த்து, நிழலில் நன்றாகச் சுருங்கும்வரை காயவிடுங்கள். பிறகு நாலு துளித் தண்ணீர் தெளித்து அருகிலேயே உட்கார்ந்திருங்கள். சில நிமிடங்களில் சுருண்ட இலைகள் விரிவதையும் பச்சை திரும்புவதையும் காணலாம். அதனிடம் குழாய் இல்லை, பொறுமை இருக்கிறது.

இரண்டு: வெயில் படும் செடியின் கிளை ஒன்றில், இலைகளோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு வாயை இறுகக் கட்டிவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பாருங்கள். பையின் உள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். மூட்டை கட்டிக் கரைக்குக் கொண்டுவந்த தண்ணீர்தான் அது.

அடுத்த இதழில், பூவுக்கும் பூச்சிக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைப் பற்றிக் காண்போம். அதுவரை, உங்கள் பிள்ளைகளின் கேள்விகளைத் தொடர்ந்து எழுதி அனுப்புங்கள்.